கத படிக்கறவரும் எங்க வூட்டுக்காரரும்

இப்டி பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சி ஒரு அமுத்து குடுங்க, அவரப் பருப்பு துள்ளிகினு குண்டான்ல வுழும், தோலு கையிலயே நின்னுடும். ராவே ஊற வெச்சிட்டேன், அதான் வழுக்கிகினு வருது… ஆனா அந்த மனுஷன் செஞ்சது நாயமா, நீங்களே சொல்லுங்க கரோலினக்கா. என் போன்ல கத படிக்கறாரே, அவரதான் சொல்றேன். இத்தன நாளு எவ்ளோ பதமா படிச்சிகினு இருந்தாரு. இப்ப, கத முடியப் போற நேரத்துல, யாரோ பின்னாடி தொரத்தறாப்புல ஓட்றாரு. காலைல பெங்களூர் வண்டிய புடிக்க நம்ம லைன் ஆம்பளைங்க டிபன் டப்பாவும் கையுமா ஓடுவாங்களே, அந்த ஓட்டம்.

நீங்க குடி வந்து இன்னும் பெட்டிகூட பிரிக்கல, தண்ணி எப்ப வுடுவாங்கன்னு கேக்க வந்தவங்கள ஒக்கார வெச்சி அவரப் பருப்பு பிதுக்க வுட்டுட்டேன். தப்பா நெனச்சிக்காதீங்க. நான் யாருகிட்டயும் பேசவே மாட்டேன். இந்த நந்திதுர்க் மைன்ஸ் லைன் வூடுங்கள்ல யார வேணாலும் கேளுங்க, நளினியா, அது வாயத் தெறந்து நாங்க பாத்ததில்லன்னுதான் சொல்லுவாங்க. காதுல எப்பவும் இந்த ஒயர மாட்டிகினு கீறேன் இல்ல, எங்க பேசறது.

ஆறாவதோட நின்னுட்டேங்க்கா. எழுத்து தெரியும், ஆனா கூட்டிக் கூட்டிதான் படிப்பேன். நான் அப்டி படிச்சா, அவன் அவ கையப் புடிக்கறதுக்குள்ள எங்க பாப்பா எழுந்துக்கும். அதுக்குத்தான் இந்த காதுல கேக்கற கத. கையி வேல செய்யுது, காது சும்மாதானே கீது. எல்லாம் காதல் கததான். இன்னாத்துக்கு சிரிக்கறீங்க. கல்யாணம் ஆனவ காதல் கத கேக்கக் கூடாதா? ஆனவதான் கேக்கணும்.

ஆனா படிக்கறவங்க சரியா வாய்க்கணும், அதான் பெரிய பேஜாரு. மொதல்ல ஒரு அம்மா படிச்சாங்க. நல்ல கொரலுதான். ஆனா ஆம்பள பேச்சு வந்தா போதும், தொண்டைய கனமாக்கி நெஞ்சு சளி புடிச்சாப்புல பேசுவாங்க. அவன் ‘உனக்காகத்தான் காத்திருந்தேன்’ங்கறான், எனக்கு அவனுக்கு மொளகு கஷாயம் வெச்சிக் குடுக்கலாம்னு தோணுது. அத வுட்டுட்டு வேற ஒன்னு போட்டேன், அதுல ஆம்பள படிக்கறாரு. அந்தக் கதைல பொண்ணு டாக்டரு, ஆப்பரேஷன்லாம் பண்றவ. அவ பேச்சு வந்தா இவரு மூக்கால கீச்சு கீச்சுன்னு எலிக்குஞ்சு மாரி பேசறாரு. அந்தக் கொரல நம்பி எவன்க்கா வவுத்த அறுத்துக்க படுப்பான்.

அப்பறம் ஒருத்தரு, அழுவறவரு. ‘அவள் தேம்பி அழுதாள்’னு கதைல கீது. அத சொன்னாலே போதும் இல்ல? இவரும் கூடவே தேம்பறாரு. அவளும் அழுது, படிக்கறவரும் அழுதுட்டா, நான் எப்பக்கா அழறது? எனக்குன்னு ஒரு எடம் வுட வேணாமா. இன்னொன்னுல மியூசிக்கு. கையத் தொட்டா வீணை, கண்ணப் பாத்தா புல்லாங்கொழலு. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பொட்டிக்கு கீழ எல போட்டு ஒக்கார வெச்சாப்புல. ஒருத்தன் ஆசையா இன்னாவோ சொல்றான், ஆங் ஆங்குன்னு தலையாட்டிட்டு வந்துடணும்.

இப்ப கேக்கறனே, காப்பித்தோட்டம் கத, அத படிக்கறவரு அப்டி இல்ல. பெரிய கொரலும் கெடயாது, லேசா கம்மின கொரலுதான். பொம்பள பேச்சுக்குன்னு கொரல மாத்தமாட்டாரு. கொஞ்சம் மெதுவாக்குவாரு, அவ்ளோதான், அவதான் பேசறான்னு நமக்கு தெரிஞ்சிடும். காப்பித்தோட்டம் வெச்சிகினு கீறவன் பேரு முகிலன். அவன் ஒரு டீச்சருக்கு தெனம் மத்தியானம் போன் போட்டு ‘சாப்பிட்டியா’ன்னு கேப்பான். வேற ஒன்னும் பெரிசா நடக்காது. ஆனா அத அவரு எப்டி கேப்பாருன்றீங்க. ‘சாப்பிட்டியா…’ அதுக்கப்பறம் ஒன்னும் சொல்லமாட்டாரு. சும்மா இருப்பாரு. அந்த சும்மா இருக்கறதுலதான்க்கா எல்லாம் கீது. ஒருநாளு பாத்திரம் கழுவிகினே ‘இன்னும் இல்ல’ன்னு நான் வாய் வுட்டு சொல்லிட்டேன். பாப்பா என்ன திரும்பிப் பாக்குது.

அத நான் எங்க வூட்டுக்காரருக்கு கேக்க வெச்சிருக்கக் கூடாது.

ரூபேஷ பாத்தீங்க இல்ல, ஞாயித்துக்கெழம காலைல உங்க பீரோவுக்கு ஒரு பக்கம் புடிச்சாரே. பெங்களூர்ல பார்சல் குடோன்ல வேல. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல தவறாம போன் போடுவாரு. எப்டின்னு கேளுங்க. ‘இன்னா?’ இதான் மொத வார்த்த. நான் ‘ஒன்னுமில்ல’ம்பேன். ‘பாப்பா?’ ‘தூங்குது.’ ‘செரி, வெய்.’ அவ்ளோதான், முடிஞ்சிச்சி. முகிலன் காப்பித்தோட்டத்துலேந்து பேசி வெக்கறதுக்குள்ள நான் ஒரு வாளி துணி தொவைச்சிடுவேன். இவரு வெக்கறதுக்குள்ள ஒரு கர்சீப்புகூட தொவைக்க முடியாது.

அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்ட ஒக்காந்தாரு. ஒயர்ல ஒரு பக்கத்த அவரு காதுல மாட்டி வுட்டேன். கேளுங்க, ஒரு ஆம்பள எப்டி கேக்கறான் பாருங்கன்னு. கேட்டாரு. இப்ப நீங்க ஒரு தரம் சொல்லுங்கன்னேன். வெக்கப்பட்டாரு. நான் வுடல. சோத்து கையோட ‘சாப்ட்டியா’ன்னாரு. அக்கா, டிக்கெட் எங்கன்னு கேக்கறாப்புலயே இருந்துச்சி. சிரிச்சிட்டேன். சிரிச்சதோட வுட்டிருக்கலாம். மூச்சு வுட்டு சொல்லுங்க, கடேசில கொரல எறக்குங்க, இன்னொரு தரம், இன்னொரு தரம்னு டீச்சரு மாரி ஒக்காந்துகினேன். அதுவும் சரியா வரலன்னு, மைன்ஸ் சங்கு ஊதறாப்புல கீது உங்க கொரலுன்னுட்டேன். அவரு காதுலேந்து ஒயர எட்த்தாரு, சட்டைல தொடச்சாரு, என் கையில குட்த்தாரு. ‘அவனையே கேட்டுக்க’ன்னாரு.

அன்னிலேந்து மத்தியானம் போன் வரல. இன்னிக்கும் பாருங்க, சாப்பாட்டு நேரம் வந்துடுச்சி. வூட்ல பேசறாரு, பாப்பாகிட்ட. கொழம்புல உப்பு கம்மின்னுகூட பாப்பாகிட்டதான் சொல்றாரு. அதுக்கு இன்னும் பல்லே சரியா மொளைக்கல.

செரி, இவருதான் கோச்சிகினாரு, அந்தாளாவது ஒழுங்கா படிக்கலாம் இல்ல? மறுநாளே அவரும் கெட்டுட்டாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சிகினாப்புல. எங்க மாமனாரு ராஜப்பா அண்டர்கிரவுண்டுல வேல செஞ்சவரு. ஆளுங்கள சொரங்கத்துக்குள்ள எறக்குற கூண்டு கீதே, கேஜு, அது எறங்கறப்ப ஆளு கீழ போயிடுவானாம், வவுறு மட்டும் மேலயே நின்னுகினு இருக்குமாம். அப்டிதான் ஆவுது எனக்கு. முகிலன் ‘நான் உன்னை’ன்னு ஆரம்பிக்கறான், என் மனசு அங்கயே நின்னுடுது, கத அதுக்குள்ள ரெண்டு லெவல் கீழ எறங்கிடுது. ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கறான், பதிலுக்கு நிக்கறதே இல்ல. ஆபீஸ்காரங்க சீக்கிரம் முடின்னு சொல்லிட்டாங்களோ, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லயோ, தெரியல. கடேசி பாகம்தான் பாக்கி. இப்டி ஓட்னா அவங்க சேந்தாங்களா பிரிஞ்சாங்களான்னு தெரியறதுக்குள்ள முடிஞ்சி போயிடும்.

தோ, நீங்களே கேளுங்க. எனக்கு கை ஈரம், நீங்க கைய தொடச்சிகினு அந்த ஒயர மாட்டி, முக்கோணத்த அமுத்துங்க… கேக்குதா? ஓட்றாரா இல்லயா?… இன்னாக்கா, எதக் காட்றீங்க. இங்கிலீஷ்லாம் எனக்கு… ஓ, நம்பருதானா. ஒன்னு, புள்ளி, அஞ்சு. அப்டின்னா? ஒன்றரையா? ஒன்றரை மடங்கு வேகமா? நான் அந்த எடத்தத் தொட்டதே இல்லியே. பாப்பா அமுத்தியிருக்கும்ன்றீங்களா, அது போன எட்த்தா வாயிலதான் வெக்கும்…

இருங்க. இருங்க இருங்க.

ஞாயித்துக்கெழம சாயந்திரம், போன குடு, சார்ஜ் போடறேன்னாரு. என் போனுக்கு அவரு சார்ஜ் போட்டு நான் பாத்ததே இல்ல. மூலைல திரும்பி நின்னுகினு இன்னாவோ நோண்டினாரு.

அய்யோ அக்கா. நான் இவரு கொரல சங்குன்னேன், இவரு அந்தாள கேஜ்ல ஏத்தி வுட்டுட்டாரு. சிரிக்காதீங்க, எனக்கும் வருது, பாப்பா எழுந்துக்கப் போவுது. பாவம், மொகம் தெரியாத மனுஷன நான் திங்கக்கெழமலேந்து திட்டிகினு கீறேன்.

வேணாம், மாத்தாதீங்க. நிறுத்தி மட்டும் வெய்ங்க, இல்லன்னா கடேசி பாகம் நம்மள வுட்டுட்டு ஓடிடும். அவரு வெச்சது அப்டியே இருக்கட்டும், அவரே மாத்தட்டும். பக்கத்து ஆளு மேல பொறாமப்பட்டா பரவால்ல, போனுக்குள்ள கீறவன் மேல பொறாமப்பட்டுகினு… முகிலனுக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமா சொல்லுங்க. வேகத்த கூட்டி வுடுவானா அவன்?

அந்த ‘இன்னா’வும் ஒரே இன்னா இல்லக்கா. செருப்ப கழட்டிகினே உள்ள வர்றப்ப ஒரு இன்னா. பாப்பாவுக்கு ஜொரம்னா ஒரு இன்னா, அது பாதியிலயே நின்னுடும். நான் மூஞ்ச தூக்கி வெச்சா ஒரு இன்னா. கல்யாணம் பேசறதுக்கு மின்ன, ஆண்டர்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுல எங்கிட்ட மொதமொத பேசினதே அந்த ஒரு வார்த்ததான். ‘ஒன்னுமில்ல’ன்னுட்டு நான் பஸ்ஸுல ஏறிட்டேன், அதுவும் தப்பான பஸ்ஸு, ஊரு அந்தக் கோடில, பாலகாட் மைன்ஸ்ல போயி எறங்கினேன். மத்தியானத்து இன்னா எப்டின்னா, இப்பதான் நெனச்சிப் பாக்கறேன், சொல்லிட்டு சும்மாதான் இருப்பாரு. பின்னாடி குடோன்ல டேப்பு கிழிக்கற சத்தம் கேக்கும். நான்தான் லபக்குன்னு ‘ஒன்னுமில்ல’ன்னுடறேன். நானும் ஒன்றரைலதான் ஓட்டிகினு இருந்திருக்கேன் போல.

அக்கா, ஒன்னு செய்யுங்களேன். அவரு நம்பருக்கு ஒரே ஒரு ரிங்கு வுட்டு கட் பண்ணுங்க. பேசல்லாம் வேணாம், நானா போட்டா குடோன் பசங்க பின்னாடியிருந்து ‘அண்ணி, அண்ணி’ன்னு கத்துவாங்க, எனக்கு நாக்கு ஒட்டிக்கும். ஒரு ரிங்குன்னா அவசரம் இல்ல, ஆனா இங்க நெனச்சிகினு கீறாங்கன்னு அர்த்தம். ரெண்டு ரிங்குன்னா வர்றப்ப பால் பாக்கெட்டு. கல்யாணம் பேசி முடிச்ச காலத்துலேந்து எங்களுக்குள்ள அப்டி ஒரு பழக்கம்… போச்சா? ஒன்னுதானே போச்சி? ரெண்டு போயிருந்தா பேசாம பால் பாக்கெட்ட கொண்டாந்து நீட்டுவாரு, அவ்ளோதான். ஒன்னா? நெசமா?

செரி. நீங்க போன கையிலயே வெச்சிருங்க, மிச்ச பருப்ப நான் பிதுக்கிக்கறேன். ஒயர் நுனிய இப்டி என் பக்கம் வுட்டுடுங்க. கோவம் எறங்கியிருந்தா போடுவாரு. எறங்கலன்னா… ம்ஹூம், அடிக்கல. போட்டாருன்னா இந்த தரம் ‘ஒன்னுமில்ல’ன்னு சொல்லமாட்டேன். சாப்ட்டீங்களான்னு கேட்டா கிண்டல்னு நெனப்பாரு. சும்மா இருந்து பாக்கறேன், நல்லா படிக்கறவங்க அதத்தானே செய்யறாங்க. சும்மா இருக்கறது எனக்கு ஒன்னும் கஷ்டம் இல்ல, யார வேணாலும் கேளுங்க… கொழம்பு கொதிச்சதும் உங்களுக்கும் ஒரு கிண்ணம் எட்த்து வெக்கறேன், தேங்காயும் கசகசாவும் அரச்சி ஊத்துவேன், உப்பு மட்டும் இன்னிக்கு நீங்க வாயில வெச்சி பாத்து… அக்கா, அடிக்குது. அவருதான். பச்சைய அமுத்துங்க, ஒயர என் காதுல மாட்டி வுடுங்க, அந்தக் காதுல இல்ல, இந்தக் காதுல, கை முழுக்க தோலா கீது, இருங்க, இந்த தரம் நானே கேக்கறேன்… இன்னா?