பனங்காடை கலையவில்லை

கடம்பூர் போளியைச் சுடச்சுடத் தின்பவர்களுக்கு ருசி தெரியாது என்பது என் கட்சி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆற வேண்டும். அன்றைக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் காட்டுக்குப் போனேன். பாதியை ஆட்டுக்காரர் சின்னக்கருப்பனுக்குக் கொடுத்தேன். நல்ல மனுஷன். தின்றுவிட்டு விரலைச் சூப்பினார்.

நீங்கள் கேட்டது படத்தைப் பற்றி. சொல்கிறேன். கோவில்பட்டியில் எங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. ஆனால் எனக்கு உயிர் பறவைப் படம்தான். பறவையைக் கலைக்கக் கூடாது, கல்லெறியக் கூடாது, கூட்டைத் தொடக் கூடாது. இதில் நான் ரொம்பக் கறார். கழுகுமலைப் பக்கம் ஒருத்தன் மயிலை விரட்டிப் படமெடுத்தான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

போன வருஷம் ஒரு சம்சாரி, சோளம் அறுத்த தன் காட்டில் மிஞ்சிய தட்டைக்குத் தீ வைத்தார். அடடா, அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தீக்கு முன்னால் வெட்டுக்கிளிகள் பொரியாய்த் தெறிக்கின்றன. கரிச்சானும் மைனாவும் பனங்காடையும் கல்யாணப் பந்திக்கு முந்துவதுபோல வந்து இறங்குகின்றன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரும் அவற்றை விரட்டவில்லையே, தாமாகவே வருகின்றன. அதிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சின்னக்கருப்பன் இளங்குட்டிகளைச் சோளத்தட்டையை அடுக்கிவைத்த படப்பின் நிழலில் விட்டு, பெரிய கூடையால் கவிழ்த்து மூடினார்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துருதேன். குட்டிகளக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"நீரு மெதுவா வாரும்" என்றேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பனையில் பனங்காடை உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் படப்புப் பக்கம்தான் வாகாக விழுந்தது. காற்றும் அந்தப் பக்கமே அடித்தது. கூடையை நகர்த்தினால் குட்டிகள் கத்தும், கத்தினால் பறவை போய்விடும். ஆகவே நகர்த்தவில்லை. படப்புக்கு ஒரே குச்சிதான். எங்கள் ஆபீஸ் குச்சி நமத்துப் போகாது.

பனங்காடை வந்தது, ஐயா. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். சிறகை விரித்ததும் அப்படியொரு நீலம். கீழே தீ. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் வந்தபோதும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். சந்தோஷம் வந்தால் எனக்கு மறைக்கத் தெரியாது.

சின்னக்கருப்பன் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, கூடையத் தூக்குங்க! குட்டியெல்லாம் உள்ள கெடக்கு!"

கூடை எனக்கு நாலெட்டில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பனங்காடை மறுபடியும் தாழ்ந்தது. அவரே தீக்குள் புகுந்து கூடையைப் புரட்டினார். குட்டிகள் வெளியே ஓடின. எரிந்த படப்பு அவர்மேல் சரிந்தது. நான் கேமராவிலிருந்து விரலை எடுக்கவில்லை.

பிணவறை வாசலில் அவர் மனைவி சுடலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலெட்டுல கெடந்த கூடைய ஒரு எத்து எத்தி விட்டிருக்கப்பிடாதா அண்ணாச்சி?"

பாவம், என் மனசு இளகிவிட்டது. அவளிடம் போய்ப் பொய் சொல்வேனா?

"எத்தியிருந்தா பறவை கலைஞ்சிருக்கும் தாயி" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். இதெல்லாம் அவளுக்குப் புரியாது. நீங்கள் படித்தவர், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மனுஷன் உள்ளே கிடந்து அத்தனை கத்து கத்தினார். பனங்காடையின் கண்ணில் ஒரு மிரட்சி இருக்கிறதா? என்னால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை.