ஓட முடியாத பிள்ளை

பொரித்த கோழியின் மணம் எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. நான் பிறந்ததிலிருந்து சைவம். அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். கடைக்குப் போய் வாங்கியது யார் என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள், இராஜநாயகம் சேர். பொடியன்தான் என்று சொன்னேன். கோழிக் கடை மேல் போட்ட வழக்கில் நீங்கள் எங்கள் சட்டத்தரணி, உங்களிடமும் பொய்தான் சொன்னேன். நான்கு வருடமாக வாங்கியது நான்.

மயூரதன் என் தங்கை நாகேஸ்வரியின் ஒரே பிள்ளை. தொண்ணூற்றெட்டில், அவனுக்குப் பதினாறு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேற்றி என்னிடம் கொழும்பு வெள்ளவத்தைக்கு அனுப்பினாள். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. கந்தோரில் தட்டெழுத்து வேலை, காலி வீதியைப் பார்த்த மாடியில் இரண்டு அறை. வேலை முடிந்து வந்தால் வானொலியைத் தவிர வேறு குரல் கேட்காத வீடு. அவன் வந்தபிறகு, நான் கதவைத் திறக்கும்போதே 'பெரியம்மா, தேத்தண்ணி போடட்டே?' என்பான்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரன் அவன். நீண்ட கால், ஒட்டிய வயிறு, முழங்காலில் விழுந்தெழும்பிய தழும்பு. அந்தக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் புலி என்று சந்தேகித்து எப்படிப்பட்ட உடம்பைத் தேடினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வந்த இரண்டாம் மாதம் விடியப்புறச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

முற்றத்தில் பொடியன்களை வரிசையாக இருத்தியிருந்தார்கள். மயூரதனுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுப் பொடியன். அதிகாரி அவன் வயிற்றில் பிரம்பால் தட்டி, "மூட்ட துவன்னவத் பேனே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். இவனுக்கு ஓடக்கூட முடியாதே என்று அர்த்தம். அந்தப் பிள்ளையை அப்போதே எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மயூரதனை விட மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளில் அவனுக்கு என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் எதிரே இருந்த கோழிக் கடைக்கு முதல் தடவையாகப் போனேன்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு துண்டோடு, "காணும் பெரியம்மா, வயிறு முட்டிப்போச்சு" என்று தள்ளுவான். நான் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். "நீ திரும்பப் பிடிபட்டா உன்ர அம்மா உயிரோட இருப்பாவே?" என்று கேட்பேன். சத்தம் போட்டதில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எலும்பு தெரியும்வரை தின்பான். பிறகு உருளைக்கிழங்குப் பொரியல், பிறகு சோடா. காலையில் கடற்கரையில் ஓடப் போகிறேன் என்றான். ஓடுகிற தமிழ்ப் பொடியனைக் கண்டால் சுடுவார்கள் என்றேன். அதை அவன் நம்பினான்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மழையில் வெறுங்கையோடு வந்தேன். "இண்டைக்குக் கோழி இல்லையே?" என்று அவனாகவே கேட்டான். குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அது பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாவடியில் எங்களைக் கண்டாலே ஆமிக்காரன் "தடியா, யண்ட" என்று கையைக் காட்டிவிடுவான். குண்டா, போ என்கிறான். நானும் அவனோடு சேர்ந்து சிரிப்பேன். ஒரு தடவை சிரித்துக்கொண்டே திரும்பியபோது மயூரதன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

கடைக்காரர் ஷிப்லியைப் பற்றி நீதிமன்றத்தில் நிறையச் சொன்னோம். பிள்ளைகளைச் சுண்டி இழுக்கிற விளம்பரம், பழைய எண்ணெய், பெரிய பெட்டி வாங்கினால் சோடா இலவசம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் ஒருநாள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "மிஸ், நான் யாவாரி, சொல்லப்படாது. இது டெய்லி தின்ற சாமான் இல்ல. அந்தப் புள்ளக்கி வூட்டுல ஏதாச்சும் ஆக்கிக் குடுங்க" என்றார். அடுத்த கிழமை அவர் கடையில் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சாட்சிக் கூண்டில் நின்று, இந்த மனிதரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று சத்தியத்தின் மேல் சொன்னேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், தவறு செய்தது அவர் மாதிரி.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நிறுத்தம் வந்தது. சாவடிகளை எடுத்தார்கள், யாழ்ப்பாணப் பாதை திறந்தது. அவன், "பெரியம்மா, இனி நான் அம்மாட்டப் போகலாம்தானே? இந்தச் சாப்பாட்டையும் விட்டிட்டு, மெல்ல மெல்ல ஓடப் பாப்பம்" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டு வெகுகாலம்.

அன்று பின்னேரம் நான் பெரிய பெட்டியாக வாங்கினேன்.

ஆமிக்காரன் போய்விட்டான். காரணம் போய்விட்டது. வாங்குவதை நான் நிறுத்தவில்லை. அவனுக்கு ஓயாத தாகம் வந்தது. படுத்த இடத்திலிருந்து எழும்பி எழும்பித் தண்ணீர் குடித்தான், காலில் பட்ட காயம் ஆறவில்லை. எங்கள் அப்பா நீரிழிவில் போனவர். கடைசி இரண்டு வருடம் அவரைப் பார்த்தவள் நான். அந்தத் தாகம் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சோடாப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். காலுக்கு மஞ்சள் பூசினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் கேட்டபோது, சூட்டினால் வந்தது, போய்விடும் என்றேன்.

நாகேஸ்வரி பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று கதவைத் திறந்தது அவன். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, சரோஜினிதேவி அக்கான்ர வீடு இதுதானே? என்ர மகன் நிக்கிறானோ?" என்று கேட்டாள்.  வழிவிட்டு ஒதுங்கினான். குசினி வாசலில் நின்ற என்னைக் கண்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். "ஆரக்கா என்ர பிள்ளையை இப்பிடி ஆக்கினது?" என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கோழிக் கடையைக் காட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அவளுக்கு வந்த ஆத்திரம் அவளை உங்களிடம் கூட்டிவந்தது. அமெரிக்காவில் இப்படி வழக்குப் போடுகிறார்கள் என்று பேப்பரில் படித்ததை நீங்கள் சொன்னீர்கள். இங்கே முதல் வழக்கு இதுவாகத்தான் இருக்கும் என்றபோது உங்கள் கண்கள் மினுங்கின. அதற்குள் நாகேஸ்வரி கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிறகு அவன் சாட்சி சொன்ன நாள். கடைப் பக்கத்துச் சட்டத்தரணி, "உங்களுக்கு யாராவது ஊட்டிவிட்டார்களா?" என்று கேட்டார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மயூரதன் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "இல்லை. நான்தான் ஆசைப்பட்டு வாங்கித் திண்டனான். பெரியம்மா எத்தனையோ தரம் வேண்டாமெண்டவ" என்றான்.

அப்போது நான் எழும்பியிருக்கலாம். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தேன்.

போன கிழமை தீர்ப்பு வந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவரவர் வாய்க்கு அவரவர்தான் பொறுப்பு, வழக்குத் தள்ளுபடி. வெள்ளவத்தைச் சந்தையில், தின்றுவிட்டுக் கடைக்காரன் மேல் வழக்குப் போட்ட பொடியன் என்று காதுபடப் பேசுகிறார்கள். அவன் அதையும் கேட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடக்கிறான். ஷிப்லி வென்றும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். பொறுப்பு யாருடையது என்று மூன்று வருடம் வாதாடினீர்கள், சேர். பொறுப்பாளி ஒவ்வொரு தவணைக்கும் உங்கள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். ஒரு நல்ல ஓட்டக்காரனின் காலை நான் எடுத்தேன். ஆமிக்குப் பயந்து தொடங்கினேன், அது உண்மை. அவன் என்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்து முடித்தேன், அதுவும் உண்மை. இதை ஒருவரிடமாவது சொல்லாமல் செத்துப்போகக் கூடாது என்றுதான் வந்தேன்.

நாகேஸ்வரியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவள் நேற்று வந்திருக்கிறாள். வழக்கு முடியும்வரை அவன் கொழும்பில் நிற்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். இனி வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறாள். அவனும் உடுப்பு அடுக்குகிறான். அங்கே அவனுக்கு நேரத்துக்கு ஊசி போட, பத்தியம் பார்த்துச் சமைக்க, என்னைப் போல யார் இருக்கிறார்கள்?

மேன்முறையீடு என்று ஏதோ சொன்னீர்களே, சேர். அது முடிய எத்தனை வருடம் எடுக்கும்?