தொட்டித் தண்ணீர்

மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் குளிராது. விடிகாலையில் மொண்டு ஊற்றினால் வெதுவெதுவென்று இருக்கும். காட்டுவேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும் தெரிந்திருக்கும்.

என் பேர் அங்கமுத்து. ராசிபுரத்துக்குத் தெற்கே, வீரபாகு மிட்டாதாரிடம் வேலை. ஊர் நிலமெல்லாம் அவருடையது, பண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். பண்ணாடி முன்னே நடப்பார், நான் அரிவாளோடு பின்னே நடப்பேன். என் அப்பனும் அவர் அப்பனுக்குப் பின்னால் நடந்தவன்தான். முனியப்பன் பூசையில் கிடா வெட்டுவதும் எங்கள் கைதான். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுவோம். கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காத கிடாவை நான் வெட்டியதே இல்லை.

பண்ணாடி பட்டணத்தில் படித்தவர். சப்பான் தேசத்துச் சரித்திரப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். ஓய்ந்த வேளையில் எனக்குப் படித்துக் காட்டுவார். அங்கே சாமுராய் என்று ஒரு கூட்டமாம். பிரபு அளக்கிற நெல்லைத் தின்று, பிரபுவுக்காகவே சாகிறவர்கள். மானம் போனால் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்வார்களாம். வலியில் முகம் கோணிவிடாதபடிக்கு, நம்பிக்கையான ஆள் ஒருவன் பின்னால் நின்று ஒரே வீச்சில் தலையை எடுப்பானாம்.

"நீ வெட்டுவியாடா?" என்று சிரித்தார்.

"சொல்லுங்க பண்ணாடி, வெட்டிப்புடலாம்."

அவர் சம்சாரம் மயிலம்மாள் உள்ளேயிருந்து, "அவன்கிட்ட வெளையாட்டுக்குப் பேசாதீங்க. அவனுக்கு வெளையாட்டுத் தெரியாது" என்றார்கள்.

ஐப்பசியில் குத்தகைக்காரன் மாரியப்பன் தண்ணீர் முறை மாறி மடையைத் திறந்தான். அடிக்கச் சொன்னார் பண்ணாடி. புளிய மிளாறால் அடித்தேன். அவன் எழுந்திருக்கவேயில்லை. அதிலிருந்து பண்ணாடிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஊர்க்கூட்டத்துல மாரியப்பன் பொண்டாட்டி பொன்னாயி கால்ல உழப்போறேன். நீயும் வந்து அவ கால்ல உழு. அந்த அருவாளைக் கெணத்துல போட்டுரு. காடு தாரேன், ஊடு கட்டிப் பொழைச்சுக்க."

"நம்ம மானம் என்னாகுறதுங்க பண்ணாடி?"

"சப்பான்லயே கடைசியில பிரபுங்க நாட்டை ராசாகிட்ட ஒப்படைச்சுட்டாங்கடா. சாமுராய்ங்க வாளை எறக்கி வெச்சுட்டு ஏர் பூட்டுனாங்க, கடை வெச்சாங்க. ஒண்ணும் கொறைஞ்சு போயிரல, கண்ணு."

அந்தப் பக்கத்தை மட்டும் அவர் எனக்குப் படித்துக் காட்டியதே இல்லை.

அப்புறம் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. களத்துக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். தீட்டின அரிவாளையே தீட்டினேன். ஒரு குத்தகைக்காரன் பெண்டாட்டி காலில் பண்ணாடி விழுந்த பிறகு, அவருக்குப் பின்னால் நடந்தவனை ஊரில் எவன் மதிப்பான்? எனக்காக நான் யோசிக்கவில்லை, ஐயா. அவர் மானத்தைத்தான் யோசித்தேன்.

விடிந்ததும் கூட்டத்துக்குப் போகக் குளிக்க வந்து, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். எப்போதும் நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அன்று மாடு கட்டி இன்னும் இறைக்கவில்லை. ராவெல்லாம் பனியில் கிடந்த தொட்டித் தண்ணீர்தான் கைக்கு எட்டியது. குடத்தில் மொண்டு தலையில் ஊற்றினேன். தோளும் தலையும் சேர்ந்து உதறின.

"அடேய், என்னடா இப்பிடி..." என்று ஆரம்பித்தார்.

நான் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரே வீச்சு. முகம் கோணவில்லை. மயிலம்மாளிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

குளிரில் நடுங்கினார் என்கிறீர்கள். மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் குளிராது என்று முதலிலேயே சொன்னேன். அது உத்தரவு.

பிரபு போன பிறகு சாமுராய் இருக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அரிவாளைக் கழுவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கல்லில் உட்கார்ந்தேன். என் தலையிலும் ஊற்றிக்கொண்டேன். குடம் குடமாக ஊற்றியும் உடம்பு துலுக்கவில்லை. உத்தரவில்லாமல் வெட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தொட்டியில் ரத்தம் கலந்துவிட்டது பாருங்கள். அதனால் எனக்கு மட்டும் கிணற்றுக்குள் இறங்கிப் புதுத் தண்ணீராக மொண்டு வந்தேன்.