அம்மாவுக்கு அக்கா

ஒரு நாளைக்கு அம்மா பதினாறு மணி நேரம் தூங்குகிறாள். மீதி எட்டு மணி நேரமும் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள், வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு. அந்த எட்டு மணி நேரத்தைச் சமாளித்துவிட்டால் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, டாக்டர்.

வாசல் கதவின் தாழ்ப்பாளை அவள் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினேன். குளியலறைக் கண்ணாடியைத் துணியால் மூடினேன். அதில் தெரிகிற கிழவி எப்போது கிளம்புவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். துவைத்த துணிகளை மடிக்கக் கொடுப்பேன். மடித்ததும் அடுத்த அறைக்குக் கொண்டுபோய்க் கலைத்து எடுத்து வருவேன். அண்ணன் போனில், "உன் பொறுமை யாருக்கும் வராதும்மா" என்பான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவளோடு வாதாடக் கூடாது என்பதை நானாகவே கற்றுக்கொண்டேன். என்னைத் தன் அக்கா என்று நினைத்தாள். பெரியம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. நான் மறுக்கவில்லை. பெற்ற தாயை 'டி' போட்டுக் கூப்பிட முதலில் நாக்கு எழவில்லை. பிறகு பழகிவிட்டது.

"என்னடி, தட்டுல அப்படியே வச்சிருக்க?"

"நீ சாப்ட்டியாக்கா? பொய் சொல்லாத. உன் மூஞ்சியே சொல்லுது."

பாதியை என் பக்கம் தள்ளி வைப்பாள். என்னைக் கீழே உட்காரவைத்துத் தலை வாரிவிடுவாள். "எனக்கு ஏன்க்கா இவ்ளோ முடி இல்ல?" என்பாள். நான் அசைய மாட்டேன். அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று இருக்கும்.

உங்கள் அறைக்கு வெளியே நாற்காலி இழுபடுகிறது. அம்மாவாக இருக்கும். ஒரு நிமிடம்.

இல்லை, வேறு யாரோ. அம்மா பக்கத்தில் அண்ணி இருக்கிறாள்.

அம்மா தலைமையாசிரியையாக இருந்தவள். நான் அதிகம் பேசாதது அவளுக்கு எப்போதும் பிடித்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எதிரில், "வாய் இருக்கா, அடகு வச்சுட்டியா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேதியியலில் நான் முதலாவதாக வந்தபோது, "லேப்ல யார்கிட்டயும் பேச வேண்டாமே, அதான்" என்றாள். அதில் தப்பில்லை. உண்மைதான்.

போன வருடம் நீங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். தைராய்டு மிகவும் குறைவு, மறதி அதனால்கூட இருக்கலாம் என்று மாத்திரை எழுதினீர்கள். தினமும் வெறும் வயிற்றில் ஒன்று. ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் அம்மா எந்நேரமும் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் போட்டாள். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துச் செய்தித்தாள் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்பாள் என நினைத்தேன்.

"பாத்ரூம் கண்ணாடிக்கு எதுக்குடி துணி? லூசா நீ?"

அன்று மாலை அக்கா எங்கே என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே நினைவு வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். செத்துப்போனவளுக்காக ஒருத்தி இரண்டாவது முறை அழ வேண்டுமா? அதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்?

அதன்பின் மெல்ல மெல்ல மறுபடியும் மறந்தாள். ஒரு மதியம் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்காகத்தான்.

இப்போது நீங்கள் மாத்திரை வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டிப் பார்க்கலாம், அதற்கும் சரிவராவிட்டால் இது குணமாகாத மறதிதான் என்கிறீர்கள். அண்ணனும் தலையாட்டுகிறான்.

கூட்ட வேண்டாம், டாக்டர். நீங்கள் கொடுத்த அளவு சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குக் குணமாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் நிறுத்தினேன்.