விடுங்கன்னு சொன்னப்புறம்

— பிரேக் லீவரை அமுக்குங்க. இன்னொரு தரம். இன்னும் ஒண்ணு. இப்ப அமுக்கினபடியே பிடிச்சுக்கங்க. நான் கீழ நட்டைத் திறக்கறேன். மூடிட்டு 'விடுங்க'ன்னு சொன்னப்புறம்தான் கையை எடுக்கணும்.

— சரிங்க மேடம். கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு கண்டிஷன் போடல.

— கல்யாணத்துல காத்து புகுந்தா சமாளிச்சுக்கலாம். பிரேக்குல புகுந்தா முடியாது. திறக்கறேன். பாருங்க, டியூப்ல குமிழி குமிழியா வருது. ஏன் இப்ப விட்டீங்க?

— கொசுடி. காதுல கடிச்சிடுச்சு.

— கடிச்சது இடது காதுல. லீவர் பிடிச்சிருக்கறது வலது கை. உங்க இடது கை என்ன, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உக்காந்திருந்துச்சா?

— ஒரு செகண்டு விட்டதுக்குக் குடி முழுகிப் போச்சா?

— முழுகும். நட்டு திறந்திருக்கறப்ப லீவரை விட்டா, அது வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும். எண்ணெயை அமுக்கினா அது போய் பிரேக்கைத் தள்ளும். காத்தை அமுக்கினா அது பாட்டுக்குச் சுருங்கிக்கும். லீவர் சொதசொதன்னு கைப்பிடி வரைக்கும் போகும், வண்டி மட்டும் நிக்காது. போன மாசம் அந்தப் பயிற்சியாளர் வேலைக்கு வச்ச டெஸ்ட்ல என்ன ஆச்சுன்னு மறந்து போச்சா?

— எப்படி மறக்கும்? டெஸ்ட் வைக்க வந்தவர் பிளாஸ்டிக் கூம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓரமா குதிச்சாராமே. நினைச்சாலே சிரிப்பு வருது.

— எனக்கு வரல. 'பைக் ஓட்டக் கத்துக்கொடுக்க வந்திருக்காங்க, முதல்ல நிறுத்தக் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாரு. காது கூசிப் போச்சு எனக்கு. அதுக்கு முந்தின சாயங்காலமும் நாம ரெண்டு பேரும் இப்படித்தான் உக்காந்து எண்ணெய் மாத்தினோம்.

— அதான் அப்பவே சொன்னேன், மெக்கானிக்கிட்ட விடுன்னு. நீ எங்க கேட்டே? மிக்ஸி நின்னாலும் ஸ்க்ரூடிரைவர், குழாய் ஒழுகினாலும் ஸ்க்ரூடிரைவர். எனக்குத் தலைவலி வந்தாக்கூட பயந்துகிட்டுதான் உங்கிட்ட சொல்றேன்.

— உங்க தலையைத் திறக்கறது சுலபம். உள்ள ஒண்ணும் சிக்காது. திரும்ப அமுக்குங்க. போன தடவை ரப்பர் பழசு, அதான் காத்து வாங்குதுன்னு நினைச்சேன். அதனாலதான் இந்தத் தடவை மொத்தத்தையும் கழட்டினேன். மேல சிலிண்டருக்குப் புது ரப்பர், கீழ பிஸ்டனுக்குப் புது சீல், வாஷர்கூட புதுசு. கிளட்ச் பக்கமும் இதே வேலைதான். அதுக்கு என் தங்கச்சி லீவர் பிடிச்சா. ஒரு கையில போன், ஒரு கையில லீவர். ஒரு குமிழி வரல.

— உன் தங்கச்சி பிடியைப் பத்தி எங்கிட்ட சொல்லாதே. அவ புருஷன் மூச்சு விடறதுக்கே அனுமதி வாங்கறான்.

— பிடிங்க. திறக்கறேன். இப்ப பாருங்க, சுத்தமா வருது. இதோ மூடப் போறேன்.

— ஐயோ, வழுக்கிடுச்சு.

— வழுக்கிடுச்சா.

— கையெல்லாம் வேர்வை. நான் என்ன வேணும்னா பண்றேன்?

— அந்தக் கையை டேங்க் மேல வைக்காதீங்க. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னுடும்.

— என் வண்டி, என் பெயிண்ட். தின்னா தின்னட்டும்.

— உங்க வண்டியா? வாங்கின மறு வாரமே மணல்ல சறுக்கி விழுந்தீங்க. அன்னையிலருந்து அது மேல உக்காரல. வராண்டாவுல நிறுத்தி ஈரத்துணி காயப்போட்டோம். உங்க பனியன் சவாரி போன அளவுக்குக்கூட நீங்க போகல.

— சொல்லிக் காட்டு, நல்லா சொல்லிக் காட்டு. இந்த ஒரு மாசமா பஸ்ல நிம்மதியாப் போயிட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி நீ என்னை ஆபீஸ்ல இறக்கி விடறப்ப அந்த வாட்ச்மேன் என்ன சொல்வான் தெரியுமா? 'சாருக்கு ஹெல்மெட் நீங்களே கழட்டி விடுங்கம்மா'ங்கறான்.

— கழட்டியும் விட்டிருக்கேன். அந்தக் கொக்கியைக் கழட்ட உங்களுக்கு இன்னும் வராது.

— அதைத்தான் சொல்றேன். இப்பவே இப்படி. நாளைக்கு டெஸ்ட்ல பாஸாயிட்டா முதுகுல 'பயிற்சியாளர்'னு எழுதின சட்டை வேற போட்டுக்குவே. ஊர்ல எல்லாரும் என்னை 'டீச்சரோட வீட்டுக்காரர்'னு கூப்பிடுவாங்க.

— கூப்பிடட்டுமே. நான் இத்தனை வருஷமா 'சாரோட சம்சாரம்'தானே? எனக்கு என்ன மூக்கா அறுந்து விழுந்துடுச்சு?

— பொம்பளைக்கு அது வேற.

— அப்படிங்களா? சரி, அமுக்குங்க. கடைசியா ஒரே ஒரு தடவை. நாளைக்கு இது மேலதான் நான் போகணும். தெரியும்ல?

— தெரியும்.

— நிக்கலைன்னா இந்தத் தடவை கூம்பு மட்டும் விழாது.

— தெரியும்னு சொன்னேன்ல.

— பிடிச்சுக்கங்க. என் முகத்தைப் பாக்க வேண்டாம், லீவரைப் பாருங்க. திறந்துட்டேன். சுத்தமா வருது. அப்படியே பிடிங்க.

— கால் மரத்துப் போச்சுடி. நகர்ந்தேனா, கை தானா...

— போதும். எழுந்திருங்க.

— கோவிச்சுக்காதே. நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ. போன் பண்ணி டெஸ்டை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லு. பிரேக் இல்லாத வண்டியில எப்படிப் போவே? எனக்கும் அக்கறை இருக்கு.

— டெஸ்ட் போன வாரமே முடிஞ்சுது.

— என்னது?

— நீங்க பஸ் ஏறினப்புறம் போயிட்டு வந்தேன். கூம்புக்கு ஒரு ஜாண் முன்னாடி வண்டி நின்னுது. அந்த மனுஷன் இடத்தை விட்டு அசையல. நாளைக்கு எனக்கு வேலைக்கு முதல் நாள்.

— இந்த பிரேக்கை வச்சுக்கிட்டா பாஸானே?

— இதே பிரேக்தான். சிரிஞ்சுல எண்ணெயை ஏத்தி, கீழ நட்டு வழியா மேல் பக்கமா தள்ளினேன். காத்து எல்லாம் மேல வந்து வெளியே போயிடுச்சு. லீவர் பிடிக்க ஆளே வேணாம். நீங்க தூங்கினப்புறம் திரும்ப அதையே பண்ணிக்குவேன்.

— அப்ப நல்லா இருந்ததை இன்னைக்கு எதுக்குடி திறந்தே?

— போன மாசம் உங்க கை தெரியாம நழுவிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவை ஒழுங்கா பிடிச்சிருந்தீங்கன்னா, அதையே நம்பிக்கிட்டு உங்களோட இருந்திருப்பேன்.