முதலில் கேட்டவள்

அன்று மேடையில் நான் இரண்டு செய்திகளைச் சொல்லவில்லை.

பிஸ்கட் டப்பாவைக் கேட்டு வாங்கிப் போன நபுவாகா என் அப்பா என்பது ஒன்று. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் மகள் வாயால் ஒலிபெருக்கியில் கேட்பது வேறு. மற்றது, அவர் ஏன் கேட்டார் என்பது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் அம்மாவின் தம்பி வந்து அப்பாவின் படகு எஞ்சினைப் புபுசியாகக் கேட்டார். புபுசி என்று சொல்லி உறவுக்காரர் கேட்டுவிட்டால் எங்கள் தீவில் யாரும் மறுப்பதில்லை. மறுத்தவர் அப்புறம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அப்பா எஞ்சினைக் கழற்றித் தம் கையாலேயே தூக்கிக் கொடுத்தார். எஞ்சின் போன மீனவர் இன்னொரு எஞ்சினுக்கு எங்கே போவார்? தங்கை தெபோராவிடம் போனார்.

இவற்றை விட்டுவிட்டு நான் பேசியது இது:

இந்த மனெயாபா மண்டபத்தின் நடுத்தூண் போல நிமிர்ந்து அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் தெமோவானா அவர்களே! அலைகளின் ஆத்திரத்தையும் அரசாங்கத்தின் வாக்குறுதிகளையும் ஒரே பொறுமையோடு பார்த்து முடித்த பெரியவர்களே! தாழை ஓலையைப் பாயாகவும் தாறுமாறான உறவுகளைக் குடும்பமாகவும் முடைந்து தந்த தாய்மார்களே! வலையை உலர்த்திவிட்டு என் பேச்சைக் கேட்க வந்து, இந்நேரம் அதற்காக வருந்தத் தொடங்கியிருக்கும் அண்ணன்மார்களே! தூணுக்குப் பின்னால் ஒளிந்து தேங்காய் தின்னும் என் வகுப்புச் செல்வங்களே! அனைவருக்கும் மௌரி!

யாரோ அங்கே, "டீச்சர், சுருக்கமா முடிங்க, பன்னி வெந்துடுச்சு" என்கிறீர்கள். எனக்கும் வாசனை வருகிறது, அண்ணா. பேசுகிறவளுக்கும் வயிறு உண்டு.

இன்று எதற்காக இந்த விருந்து? நேற்று மாலை வானொலியில் செய்தி வாசித்தார்களே, கேட்டீர்களா? "ராகேரா தலைநகர் தராவாவுக்கு வந்து சேர்ந்தாள். பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டணம் கட்டியாயிற்று." மூன்றே வாக்கியம். அந்த மூன்று வாக்கியத்துக்காக இந்த ஊர் எத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது! நேற்று அத்தனை பேரும் சேர்ந்து விட்ட மூச்சில் கூரை ஓலை பறந்திருக்கும். நல்லவேளை, போன மாதம்தான் வேய்ந்தோம்.

அன்பானவர்களே! பணத்தைப் பூட்டி வை என்கிறார்கள், படித்தவர்கள். எங்கே பூட்டுவது? நம் வீட்டுக்குச் சுவரில்லை. சுவரில்லாத வீட்டில் கதவேது? கதவில்லாத வீட்டில் பூட்டேது? என் தெபோரா அத்தை எல்லா வழியும் பார்த்தவர். கப்பலில் வேலை செய்யும் மாமா பணம் அனுப்பியதும் அதை அரிசி மூட்டையாக மாற்றிப் பார்த்தார். பணம் கேட்டு வந்தவர்கள் அரிசி கேட்டார்கள். கோழிக்கூட்டில் ஒளித்துப் பார்த்தார். கோழியைக் கேட்டார்கள்!

சிரிக்கிறீர்கள். கோழி கேட்டவரும் இங்கேதான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பா. கூரைக் கழியில் எல்லோரும் பார்க்கத் தொங்கிய டப்பா. அத்தை பாய் விற்ற காசு அதில். அத்தை மகள் ராகேரா கருவாடு விற்ற காசு அதில். சொந்தக்காரர்களும் அதை அண்ணாந்து பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஆனால் பிள்ளையின் படிப்பாயிற்றே என்று பேசாமல் போனார்கள். வெள்ளிக்கிழமை கப்பல். டப்பா நிறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை அத்தையின் அண்ணன் நபுவாகா வந்தார். பாயில் அமர்ந்தார். தட்டில் வைத்த மீனைத் தொடவில்லை.

"என்ன அண்ணே, சாப்பிடல?"

"தங்கச்சி... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நீங்க சொல்லவே வேணாம்ணே. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

"புபுசி. அந்த டப்பாவைக் குடு."

அத்தை கேட்டார்: "வெள்ளிக்கிழமை கப்பல்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் மூணு நாளா வராம இருந்தேன்."

கேட்டவர் மீது குற்றம் சொல்ல வந்தேன் என்று நினைக்காதீர்கள். இந்த அவையில் கேட்காதவர் யார்? கேட்டுப் பெறாதவர் யார்? வறட்சியில் நீர் கேட்டோம், சாவில் அரிசி கேட்டோம், மணத்தில் பாய் கேட்டோம். கேட்டதால் வாழ்ந்தோம்; கொடுத்ததால் ஊரானோம்! வெறுங்கையோடு தங்கை வீட்டுக்கு நடந்த அந்தக் கால்கள் எவ்வளவு கனத்திருக்கும் என்பது நடந்தவருக்குத் தெரியும்.

அத்தை எழுந்தார். டப்பாவை இறக்கினார். இரு கையாலும் கொடுத்தார். பிறகு விளக்கை ஏற்ற மறந்து உட்கார்ந்துவிட்டார்.

ராகேரா என்ன செய்தாள்? அழுதாளா? கோபித்தாளா? கடற்கரைக்கு ஓடினாளா? பன்னிரண்டு வயதுப் பெண், விடுதியில் விரிக்கவென்று தானே முடைந்த பாயைச் சுருட்டித் தோளில் வைத்தாள். மாமன் பின்னாலேயே நடந்தாள். அவர் வீட்டில் அந்தப் பாயை விரித்து, பெரியவர்கள் அமர்வது போலக் கால் மடித்து அமர்ந்தாள்.

"மாமா, புபுசி. அந்த டப்பாவைக் குடுங்க."

"ஏய், விளையாடுறியா? இப்பத்தானே வாங்கிட்டு வந்தேன்!"

"எங்க வீட்டுல இருந்தப்போ நீங்க கேட்டீங்க. இப்போ உங்க வீட்டுல இருக்கு, நான் கேக்குறேன்."

"சின்னப் பொண்ணுக்கு ஏதுடி புபுசி?"

"ஏன் மாமா, சின்னப் பொண்ணு சொந்தக்காரி இல்லையா?"

அவர் எழுந்து தலைவரிடம் போனார். மறுநாள் காலை நாம் எல்லோரும் இதே இடத்தில் கூடினோம். டப்பா மூடியபடி அவர் மடியில். ஒரு சிறுமியின் புபுசி செல்லுமா, செல்லாதா? வாதம் வளர்ந்தது. நீர் வற்றிய காயல் மறுபடி நிறையும் வரை வளர்ந்தது. செல்லும் என்றவர்கள் கத்தினார்கள், செல்லாது என்றவர்கள் அதைவிடக் கத்தினார்கள். நடுவில் இருவர் தூங்கினார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

அப்போது, நம் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கேக்குறவங்க, நாளைக்குக் கேட்டாக் குடுக்கணும். நீ குடுப்பியா, புள்ள?"

"குடுப்பேன் தாத்தா."

"உங்கிட்ட என்ன இருக்கு?"

"இந்தப் பாய்தான்."

"அப்போ புபுசி. பாயைக் குடு."

எத்தனை மாலை முடைந்த பாய்! ஓரத்தில் தன் பெயரை வண்ண ஓலையில் பின்னியிருந்தாள். எழுந்தாள், சுருட்டினாள், கொடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"கேட்டா குடுக்குறவ, கேக்கவும் செய்யலாம். நபுவாகா, டப்பாவைக் குடுத்துடு" என்றார் தலைவர்.

அந்தப் பாய் எங்கே என்கிறீர்களா, அம்மா? தலைவரே, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

"எதுக்கு எழுந்திரிக்கணும்? அதுமேலதான் உக்காந்திருக்கேன்!" என்கிறார். பார்த்தீர்களா!

டப்பாவை நீட்டியபோது நபுவாகா சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். "மூடியைத் தொடலம்மா, எண்ணிப் பாத்துக்கோ." "வேணாம் மாமா." "நல்லவேளை, எங்கிட்ட எஞ்சின் இல்ல. இருந்தா அதையும் கேட்டிருப்பா இவ!" அன்று முதலில் சிரித்தவர் அவர்தான். அந்தச் சிரிப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைக் கப்பல் வழக்கம்போல இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது; அதற்குள் இந்த ஊரில் நடந்ததைப் பாருங்கள். பணம் வரும் நாளில் வாசலில் முதலில் உட்காருவது யார்? மச்சானா? சித்தப்பாவா? பிள்ளைகள்! "அம்மா, புபுசி, பள்ளிக் கட்டணம்." "அப்பா, புபுசி, தண்ணித் தொட்டிக்கு." கேட்டாகிவிட்டது! இனி யார் வந்தாலும் நாம் மறுக்கத் தேவையில்லை, பொய் சொல்லத் தேவையில்லை, கோழியை நம்பத் தேவையில்லை. "இது கேட்டாயிடுச்சு அண்ணே" என்றால், வந்தவர் தலையசைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தோம். என் வகுப்புப் பையன் தவிதா முதல் முறை கேட்டது ஒரு பை நிறைய மிட்டாய். கொடுத்தார்கள். அவன் வாய் இனிக்கும் முன்னே தங்கை புபுசி என்றாள், தெரு முழுக்கப் புபுசி என்றது. மாலையில் அவனிடம் மிஞ்சியது காகிதம். அடுத்த முறை அவன் தூண்டில் முள் கேட்டான். ஏன்டா என்றேன். "முள்ளை யாராச்சும் கேட்டா, கூட வந்து மீன் புடிங்கன்னு சொல்லிடலாம் டீச்சர்." எட்டு வயது! இதைவிடப் பெரிய பாடத்தை என் கரும்பலகை சொல்லவில்லை.

தாய்மார்களே! நேற்று நம்மிடம் கேட்டது. கடனாக வந்து கேட்டது. இன்று நம்மிடம் கேட்கிறது. பசியாக வந்து கேட்கிறது. நாளை மட்டும் ஏன் கேட்கவில்லை? நாளையும் நம் உறவுதானே? நம் இரத்தம்தானே? கேட்கவில்லை, ஏனென்றால் நாளைக்கு வாயில்லை! வாயில்லாத அந்த உறவு நம் வாசலில் எத்தனை தலைமுறை நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது! இன்று அதற்கு வாய் கிடைத்திருக்கிறது. அந்த வாய் பால்பல் விழுந்த வாய். அந்த வாய் பாடம் படிக்கும் வாய். அது கேட்கட்டும்! முதலில் கேட்கட்டும்! மச்சானுக்கு முன்னால், மாமனுக்கு முன்னால், மண்ணெண்ணெய்க் கடைக்காரனுக்கு முன்னால், நம் பிள்ளைகளின் நாளை வந்து கால்மடித்து அமர்ந்து கேட்கட்டும்! கொடுப்பதில் நம்மை வென்றவர் யார்? அதற்கும் கொடுப்போம்!

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. பாயை விட்டு எழாத தலைவருக்கு நன்றி. டப்பாவைத் திறக்காத கைகளுக்குத் தனியாக ஒரு நன்றி. நலம், அமைதி, வளம் என்று வாழ்த்தி முடிப்பது நம் வழக்கம். நான் வாழ்த்தவில்லை, கேட்கிறேன்: இந்த மூன்றையும் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். புபுசி. இனி நீங்கள் மறுக்க முடியாது. சாப்பிடப் போகலாம்!

அடுத்த சம்பள நாளில் விடிந்ததும் என் வீட்டுக்கு முதலில் வந்தவர் அப்பா. எஞ்சினுக்காக மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கும்படி புபுசி கேட்டார். எடுத்து வைத்தேன். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு எஞ்சின் வந்தது, புதிதல்ல, ஆனால் ஓடுகிறது. விடுமுறைக்கு வந்த ராகேரா அதை அவரிடம் புபுசியாகக் கேட்டாள், கொடுத்தார். "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாள். பிறகு அம்மாவின் தம்பி உட்பட நான்கு பேர் வந்து கேட்டார்கள். எஞ்சின் ராகேராவுடையது என்று அப்பா சொன்னார். அது இன்னும் எங்கள் படகில்தான் இருக்கிறது.