பூட்டிய வேலிக்கு வெளியே

“வேலிக்கதவ மட்டும் பூட்டாதீகண்ணே.”

ராமேஸ்வரம் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் மீன்கூடையோடு இருந்த பெண் சொன்னாள். பக்கத்திலிருந்தவர், கடலோரம் இடிந்து நிற்கும் பழைய மாதாகோயிலுக்கு அரசு போட்ட காவல்காரர்.

“கவர்மெண்டு செலவு பண்ணி, சுவரப் பூசி வேலி போட்டிருக்கு. பூட்டலைன்னா என் வேலை போயிரும் தங்கச்சி.”

“பூசுனது நல்லதுதான். கடலுக்குப் போயி திரும்பாதவுக பொழுது சாஞ்சா அங்கனதான ஒதுங்குவாக. இப்ப எங்க போவாக?”

“அப்படியெல்லாம் யாரும் வாரதில்ல.”

“நீங்க பூட்டுன நாள்லேருந்து, விடிஞ்சா எங்க வீட்டுக்குள்ள ஈரக்கால் தடமாக் கெடக்குண்ணே. எல்லாம் உள்ள வந்த தடம். வெளிய போனது ஒண்ணுமில்ல.”

காவல்காரர் மடியிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டு, ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

“உங்க வீட்டுலயுமா?” என்றார்.